பெண்கள் வார்டின் கழிப்பறை

நான் எங்கே ஒன்றுக்குப் போக வேண்டும் என்பது பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவரிலிருந்து கல்லூரிப் பேராசிரியர் வரை அத்தனை பேரும் என் சிறுநீர்ப்பையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மழை வருமா, கரும்புக்கு விலை கிடைக்குமா என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன், நானும் செய்தி பார்க்கிறவள்தான். ஆனால் என்னைப் பார்த்ததும் அவர்களுக்குக் கழிப்பறைதான் ஞாபகம் வருகிறது.

நான் திருநங்கை. வயது நாற்பத்தாறு. இருபது வருஷமாகக் கல்யாணச் சமையலுக்குப் போகிறேன். கருணாபுரத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இந்தப் பக்கம் கச்சிராயபாளையம் வரைக்கும் என் கைச் சாம்பாரைச் சாப்பிடாத குடும்பம் குறைவு. இலையை வழித்துச் சாப்பிட்டு, பாயசத்துக்கு இரண்டாம் முறை டம்ளர் நீட்டி, கை கழுவிவிட்டுத்தான் கருத்துக்கு வருவார்கள்.

போன வருஷம் ஒரு கல்லூரியில் திருநங்கைகள் உரிமை பற்றிக் கருத்தரங்கு நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது ஒரு பேராசிரியர் மூச்சு வாங்க ஓடி வந்தார். மேடையில் உட்காரவைக்க ஒரு திருநங்கைகூட வரவில்லையாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். சால்வை போர்த்தினார்கள். நான் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்கிறேன் என்று எனக்கே முக்கால் மணி நேரம் விளக்கினார்கள். முடிந்ததும் அந்தப் பேராசிரியரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"மாணவிகளோடது பக்கத்துலயே இருக்குதுங்க. எனக்கு ஒன்னும் இல்லங்க. பேரன்ட்ஸ் இன்னா நெனப்பாங்கன்னுதான்."

அவர் துறைத்தலைவரைக் கேட்டார். துறைத்தலைவர் முதல்வரைக் கேட்டார். முதல்வர், பேசி முடிவெடுக்கலாம் என்றார். கடைசியில் பேராசிரியர் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றி, ஊரைச் சுற்றிக் கருணாபுரத்தில் என் அறை வாசலுக்கே கொண்டுவந்து இறக்கினார். தோளில் சால்வை இருந்தது. நான் திரும்பிப் போவதற்குள் ரசம் கொதித்துக் கசந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்கள்தான். இதை எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மற்றவர்கள் என்று ஒரு கூட்டம் எங்கேயோ இருக்கிறது. நான் அவர்களைச் சந்தித்ததே இல்லை. நான் சந்திக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்து தொலைக்கிறார்கள்.

இருபது வருஷம் சாம்பார் அண்டாவை இறக்கி ஏற்றியதில் எனக்குக் குடலிறக்கம் வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் ஆபரேஷனை ஆடிக்குத் தள்ளிவைத்திருந்தேன். போனது ஓர் அரசு மருத்துவமனைக்கு. சீட்டு எழுதுகிறவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். எதிரில் இருந்த இரண்டு நோட்டுகளைப் பார்த்தார். ஒன்றில் ஆண்கள் வார்டு, இன்னொன்றில் பெண்கள் வார்டு. மூன்றாவது நோட்டு இல்லாத கோபத்தில் என்னை ஆண்கள் நோட்டில் எழுதினார்.

ஆண்கள் வார்டில் ஒரு மணி நேரம் இருந்தேன். அதற்குள் மூன்று பேர் போனைத் திருப்பிப் படம் எடுத்தார்கள். கால் உடைந்து கட்டோடு கிடந்த ஒருவன், எழுந்து நிற்க முடியாத நிலையிலும், எவ்வளவு கேட்பாய் என்று விசாரித்தான். அந்த நம்பிக்கையைப் பாராட்டிவிட்டு நானே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெண்கள் வார்டு மாடியில். நர்ஸ் என்னை வார்டு வாசல் வரை கூட்டிப்போய், உள்ளே எட்டிப் பார்த்து, வெளியே வந்தார்.

"எனக்கு ஒன்னும் இல்லம்மா. உள்ள இருக்கறவங்க ஒத்துக்கணுமே."

வார்டு வாசலை ஒட்டி வராந்தாவில் ஒரு கட்டில் போட்டார்கள். நான் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. படுத்தபடியே பெண்கள் வார்டு முழுவதையும் பார்க்க முடிந்தது. இரண்டு வரிசைக் கட்டில்கள், கடைசியில் கழிப்பறை. பிரசவ வார்டில் மராமத்து நடந்ததால் சிசேரியன் ஆன சிலரையும் இங்கேயே போட்டிருந்தார்கள். கதவுக்கு மேலே, "பெண்கள் பகுதி, ஆண்கள் உள்ளே வரக் கூடாது" என்று ஒரு பலகை. அந்தப் பலகையின் ஆணியில் ஓர் ஆணின் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

துண்டின் சொந்தக்காரர் முதல் கட்டிலில் இருந்தார். கட்டில் அவர் மனைவிக்குக் கொடுத்தது. பித்தப்பையில் ஆபரேஷன் ஆன அந்த அம்மாள் ஓரமாக ஒடுங்கிப் படுத்திருக்க, இவர் பனியனும் லுங்கியுமாகக் கட்டிலின் பெரும்பகுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கோமுகி அணைப் பாசனத்தில் கரும்பு வைத்திருக்கிறவர். இட்லி அங்கேயே, பல் குத்துவது அங்கேயே, போனில் அடுத்தவன் வாய்க்கால் தகராறைத் தீர்த்துவைப்பதும் அங்கேயே. ஆண்கள் கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. படி இறங்க அலுப்பாக இருந்ததால் பெண்கள் கழிப்பறையையே அவர் உபயோகித்தார். ஒரு பெண்ணும் வாய் திறக்கவில்லை. அவர் மட்டுமில்லை, இன்னும் நாலைந்து கணவர்கள், ஒரு மச்சான், காலையும் மாலையும் டீக்காரர் என்று போக்குவரத்து நிற்கவே இல்லை. ஆண்களுக்கு அனுமதி இல்லாத இடத்தில் நான் பார்த்த அத்தனை ஆண்களை ஆண்கள் வார்டில்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து முடித்தார்கள். மதியம் கட்டிலுக்கு வந்தேன். டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறு மணிக்குள்ள யூரின் போயிடணும்மா. போகலன்னா டியூப்தான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டியூப் என்றால் அந்த வராந்தாவில், விசிட்டர் நேரத்தில், என் துணியை விலக்க வேண்டும். மறைப்புத் தட்டி ஒன்று இருந்தது. அதன் துணி கிழிந்து வெறும் கம்பிச் சட்டமாக மூலையில் நின்றது. இந்த ஊர் இருபது வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு, அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு இலவசமாகப் பதில் கிடைத்துவிடும். அதற்கு நான் செத்தே போகலாம் என்று தோன்றியது. மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் தோன்றியது.

நாலரை மணிக்கு நர்ஸ் ஒரு கையில் யூரின் பாட்டிலும் இன்னொரு கையில் பெட்பேனுமாக வந்து நின்றார். எது வேண்டும் என்று கண்ணால் கேட்டார். சுற்றிலும் பார்க்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் வைத்திருந்த ஓர் அம்மாள், தான் யாரைப் பார்க்க வந்தாள் என்பதையே மறந்துபோனாள். இரண்டும் வேண்டாம், கழிப்பறைக்குப் போகிறேன் என்றேன்.

"ஆம்பளைங்களோடது கீழதாம்மா. படி எறங்குவியா?"

இறங்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தையல் இழுத்தது. பெண்கள் வார்டுக்குள் இரண்டு அடி வைத்திருப்பேன். கரும்புக்காரர் கட்டிலில் இருந்து இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இன்னாங்க இது. பொம்பளைங்க இருக்கற எடம்ங்க."

"தெரியுங்க. ஒன்னுக்குப் போவணும்."

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒன்னும் இல்ல. உங்க மேல எனக்கு மரியாத ஜாஸ்தி. நானே வருசா வருசம் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கறவன்."

பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். சித்திரைத் திருவிழாவில் நாங்கள் சாமிக்குத் தாலி கட்டிக்கொள்வதைப் போல, வேண்டுதல் உள்ள ஆம்பிளைகளும் பூசாரி கையால் கட்டிக்கொள்வார்கள். கட்டியதை மறுநாள் அறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மீசையைத் தடவுவார்கள். ஒரு ராத்திரிக்குச் சாமியின் பெண்டாட்டியாக இருந்தவர், பெண்கள் வார்டில் பனியனோடு நின்று, என்னைப் பெண்ணில்லை என்று தடுக்கிறார். கூத்தாண்டவர் இவருக்கு என்ன வரம் கொடுத்தாரோ, வெட்கத்தை மட்டும் கொடுக்கவில்லை.

"நான் எதுக்குச் சொல்றன்னா, பொம்பளைங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேணும் இல்லீங்களா? வயசுப் பொண்ணுங்க இருக்காங்க. அந்தப் பொண்ண வேணா கேளுங்க."

கை காட்டியது வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த பெண்ணை. பத்தொன்பது வயது இருக்கும். குடல்வால் ஆபரேஷனுக்காக மலையிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குதுக்கா. கதவுல தாழ்ப்பா இல்ல. உள்ள இருக்கசொல்ல யாருனா தள்ளிடறாங்க."

"பாத்தீங்களா," என்றார் கரும்புக்காரர். பயமா இருக்கு என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. அன்று காலையில் அவள் உள்ளே இருக்கும்போது கதவைத் தள்ளியவர் அவர்தான் என்று அவளே பிறகு என்னிடம் சொன்னாள். தெரியாமத் தள்ளிட்டேன் என்றாராம். இரண்டு தடவை தெரியாமல்.

அந்தப் பெண் மீது எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. இதுவரை நான் பார்த்தவர்களில், பேரன்ட்ஸ் பயப்படுவார்கள், உள்ளே இருக்கிறவர்கள் பயப்படுவார்கள் என்று சொல்லாமல், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். பயத்துக்குக் காரணத்தையும் சொன்னாள். ஒரு தாழ்ப்பாள். கடையில் வாங்கி நான்கு ஆணி அடித்தால் தீர்ந்தது. பெண்களின் பாதுகாப்புக்காக லுங்கியை மடித்துக் கட்டியவர், அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற பெண்களும் கேட்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக அவரவர் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அத்தனை தலையணையும் ஒரே நேரத்தில் கோணிப்போனது அதிசயம்தான்.

நான் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். மணி ஐந்து. அடிவயிறு கல்லாக இருந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள். நாலாவது கட்டில். சிசேரியன் ஆகி நாலு நாள். கருணாபுரத்துக்காரிதான், புருஷன் கட்டட வேலைக்குப் போகிறவன், எனக்கு முகம் தெரியும். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் குழந்தையோடு வராந்தாவுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"அக்கா, காலைலேர்ந்து அழுதுகினே இருக்குது. பால் குடிக்க மாட்டேங்குது. கண்ணு பட்டிருக்கும்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் தூக்கி, சுத்தி வுடுங்கக்கா."

சொல்றாங்க என்றால் யார் என்று எட்டிப் பார்த்தேன். தலையணை சரிசெய்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரும்புக்காரர்கூடக் கழுத்தை நீட்டியிருந்தார். எங்கள் கை பட்டால் குழந்தைக்கு நல்லது. எங்கள் கால் பட்டால் வார்டுக்குக் கெட்டது. இதை யார், எப்போது, எந்தப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் போகாதவர்களும் இதை ஒரு பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள்.

குழந்தையை வாங்கினேன். பெண் குழந்தை, சின்னதாக, கோபமாக இருந்தது. எனக்கும் அதற்கும் அந்த விஷயத்தில் ஒற்றுமை. நெற்றியைத் தடவி, கன்னத்தை வழித்து, என் காதோரம் நெட்டி முறித்தேன். அழுகை நின்றது. குழந்தைகள் கை மாறினால் கொஞ்ச நேரம் நிறுத்தும், அவ்வளவுதான். வார்டில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

திருப்பிக் கொடுக்கக் கை நீட்டிய நான், கொடுக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். நேராகப் பெண்கள் வார்டுக்குள் நடந்தேன்.

ஒருவரும் தடுக்கவில்லை. இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள். ஓர் அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கரும்புக்காரர், நடுவில் கிடந்த தன் செருப்பைக் காலால் ஒதுக்கி எனக்கு வழி விட்டார். "அப்பிடியே எம் பொஞ்சாதிக்கும் ஒரு தபா சுத்தி வுட்டுடுங்க," என்றார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நான் ஆபத்து. இரண்டரைக் கிலோ குழந்தையைத் தூக்கியதும் நான் அம்மன். குழந்தைக்குக் கீழே இருந்த உடம்பு அதே உடம்புதான், அதே சிறுநீர்ப்பைதான்.

தாய் பின்னாலேயே வந்தாள். கழிப்பறை வாசலில் குழந்தையை அவள் கையில் கொடுத்தேன்.

"புடி. கதவுல தாழ்ப்பா இல்ல. நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லு."

அவள் விழித்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

உள்ளே, ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. ஊசியின் மரப்பு இன்னும் இருந்தது. வெளியே கரும்புக்காரர் குரல், எவ்வளவு நேரம் என்று. தாயின் குரல், "கொழந்த பீ பூட்டுச்சுங்க, கழுவிக்கினு இருக்காங்க" என்றது. பொய் சொல்லக்கூடியவள் என்று அதுவரை நான் நினைக்கவில்லை. குழந்தை அவள் கையிலேயே இருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில், சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, பிறகு நிற்காமல் போனது. எனக்கு அழுகை வந்தது. ஒன்றுக்குப் போய் அழுதவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எழுந்ததும் கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, நிலையில் ஓர் ஆணி. டிரிப் ஊசி அசையாமல் இருக்க என் கையில் சுற்றியிருந்த பேண்டேஜின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லால் கடித்து அறுத்து, முறுக்கி, ஓட்டையில் கோத்து, ஆணியில் மாட்டுகிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டேன். பந்தலில் வாழை கட்டுகிற சுருக்கு. இழுத்துப் பார்த்தேன், நன்றாகவே பிடித்தது. மறுநாள் காலையில் வெள்ளிமலைப் பெண்தான் முதலில் அதை மாட்டிக்கொண்டு குளித்தாள். பிறகு எல்லாப் பெண்களும். பெண்கள் வார்டின் பாதுகாப்பு அதன் பிறகு என் பேண்டேஜில்தான் தொங்கியது. யார் கட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யூரின் போய்விட்டது என்று நர்ஸிடம் சொன்னேன். "பாத்தியா, டென்சன் ஆனதுதாம்மா காரணம்," என்றார். இரவு நான் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் டிரிப்பில் மருந்துத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததே, அதற்கு வார்டு நிலவரம் தெரியாது.

விடிந்ததும் மறுபடி முட்டியது. எழுந்து வார்டு வாசலில் நின்றேன். கரும்புக்காரர் வேப்பங்குச்சியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்தார். காலியாக இருந்தது. குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னாங்க?"

நாலாவது கட்டிலைப் பார்த்தேன். தாய் விழித்திருந்தாள். பக்கத்தில் குழந்தை பால் குடித்த மயக்கத்தில், வாய் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பச்சைக் குழந்தையை எடுத்துக் கொடுக்க முடியாது. ஏன் என்று கேட்பார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கரும்புக்காரரைப் பார்த்தாள். வரிசையில் கோணத் தொடங்கிய தலையணைகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா போகட்டும் என்று. அவளால் அது முடியவில்லை. அதற்காக அவளையும் நான் மன்னிக்கவில்லை.

அவள் குனிந்து, போர்வைக்குள் கையை விட்டு, குழந்தையின் உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். பால் குடிக்காமல் தூங்கும் குழந்தையை எழுப்ப நர்ஸ்கள் சுண்டுவார்களே, அப்படி. குழந்தை நெளிந்தது, எழவில்லை. இன்னொரு முறை, பலமாகச் சுண்டினாள். வார்டே அதிர வீறிட்டது.

"அக்கா, அழுவுதுக்கா," என்றாள், என்னைப் பார்க்காமல். "கொஞ்சம் வந்து தூக்குங்க."

கரும்புக்காரர் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு கால்களை மடக்கினார். நான் உள்ளே போனேன்.

இன்னும் மூன்று நாள் அங்கே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை சரியான நேரத்துக்கு அழுதது. ரொம்ப அழுகிற குழந்தை, நல்லவேளை இவங்க பக்கத்துல இருக்காங்க என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகிற அன்று, தாய் துணி மாற்றும்போது பார்த்தேன். குழந்தையின் இடது உள்ளங்கால் சிவந்து கன்றியிருந்தது. பெரியவர்கள் அத்தனை பேர் இருந்த வார்டில், எனக்காக அடி வாங்கியது அது ஒன்றுதான்.